பசிபிக் தீவுகளின் மீன்பிடிப்பைச் சென்னையிலிருந்து கவனிக்க ஒரு வரைபடம்: குளோபல் ஃபிஷிங் வாட்ச் சேவை குறித்த மதிப்பாய்வு

பசிபிக் தீவு நாடுகளின் கடலில் எந்த நாட்டுக் கப்பல் எந்த இடத்தில் எத்தனை மணி நேரம் மீன்பிடித்தது என்பதைச் சென்னையில் இருந்தபடியே, ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் பார்க்க உதவும் இணையச் சேவை குளோபல் ஃபிஷிங் வாட்ச். ஓஷியானா, ஸ்கைட்ரூத், கூகுள் ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாக்கி 2016 செப்டம்பரில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட இந்த வரைபடத்தை இப்போது லாப நோக்கமற்ற தனி நிறுவனம் ஒன்று நடத்துகிறது. ராயபுரம், காசிமேடு பகுதிகளிலிருந்து மீன்வளப் படிப்புக்குச் செல்லும் மாணவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கும் நான் இதை நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறேன். கப்பல்களைப் பற்றி இவ்வளவு விரிவாகச் சொல்லும் இலவசச் சேவை வேறொன்றை நான் பார்த்ததில்லை. ஆனால் கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது, எவ்வளவு பிடிபட்டது என்பது பற்றி இது எதுவும் சொல்வதில்லை. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுப் பார்ப்பவர்கள் தவறான முடிவுக்கு வந்துவிடுவதை வகுப்பில் அடிக்கடி காண்பதால், அதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் இது இயங்கும் விதம். பெருங்கப்பல்கள் ஒன்றோடொன்று மோதிவிடாமல் இருப்பதற்காக ஏ.ஐ.எஸ். என்னும் தானியங்கி அடையாளக் கருவியைப் பொருத்தியிருக்கின்றன. அது கப்பலின் ஒன்பது இலக்க அடையாள எண்ணையும், இருக்கும் இடத்தையும், வேகத்தையும், திசையையும் சில நொடிகளுக்கு ஒருமுறை ஒலிபரப்புகிறது. இந்தியக் கப்பலென்றால் அந்த எண் 419 என்றும், கிரிபாட்டிக் கப்பலென்றால் 529 என்றும் தொடங்கும். கரையிலுள்ள நிலையங்களும் செயற்கைக்கோள்களும் பிடித்துத் தரும் இந்த ஒலிபரப்புகளைக் கணினி நிரல் ஆராய்ந்து, கப்பல் செல்லும் வேகத்தையும் திரும்பும் விதத்தையும் கொண்டு, அது வெறுமனே பயணம் செய்கிறதா மீன்பிடிக்கிறதா என்று கணிக்கிறது. ஒரே நீண்ட கயிற்றில் ஏராளமான தூண்டில்களைக் கோத்த ஆயிரங்கால் தூண்டிலை விடும் கப்பல் பல பத்து கிலோமீட்டர் தூரம் சீராக ஓடித் தூண்டிலை இறக்கி, பிறகு அதே வழியில் மெதுவாக வந்து ஏற்றுவதால் அதன் தடம் தனியாகத் தெரியும். இழுவலைக் கப்பல் குறைந்த வேகத்தில் முன்னும் பின்னும் ஓடும். மீன்கூட்டத்தை வலையால் வளைத்து அடியைச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடிக் கப்பல் பெரும்பாலான நேரத்தை தேடுவதிலேயே கழித்துவிட்டு, மடி வளைக்கும் சில மணி நேரம் மட்டும் ஓரிடத்தில் நிற்பதால், அதைக் கணிப்பதுதான் இருப்பதிலேயே கடினம். இந்த முறையில் 2012 முதல் 2016 வரையிலான 2,200 கோடி ஒலிபரப்புகளை அலசி, 70,000-க்கும் மேற்பட்ட தொழில்முறை மீன்பிடிக் கப்பல்களின் நடமாட்டத்தைத் தொகுத்த ஆய்வு 2018-இல் சயின்ஸ் இதழில் வெளிவந்தது. உலகக் கடற்பரப்பில் 55 விழுக்காட்டுக்கும் அதிகமான பகுதியில் தொழில்முறை மீன்பிடிப்பு நடக்கிறது என்பது அதன் முடிவு. வரைபடத்தில் நாம் காணும் ‘மீன்பிடித்ததாகத் தோன்றும் மணி நேரம்’ என்ற அளவு இந்தக் கணிப்பிலிருந்து வருவதுதான். ‘தோன்றும்’ என்ற எச்சரிக்கையைப் பெயரிலேயே வைத்திருக்கும் நேர்மைக்காக இந்தச் சேவையை நான் மதிக்கிறேன்.

இந்த வரைபடத்தின் முழுப் பயனையும் உணர வேண்டுமானால் கிரிபாட்டி நாட்டைத் திறந்து பார்க்க வேண்டும். அந்த நாட்டின் நிலப்பரப்பு மொத்தம் 811 சதுர கிலோமீட்டர்தான். பெருநகரச் சென்னை மாநகராட்சியின் பரப்பைப் போல் இருமடங்குகூட இல்லை. ஆனால் அதன் பொருளாதாரக் கடல் மண்டலம், அதாவது மீன்பிடி உரிமை அந்த நாட்டுக்கே உள்ள கடல், சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் மொத்த நிலப்பரப்பைவிடப் பெரிது. அரசின் வருவாயில் மிகப் பெரும் பங்கு வெளிநாட்டுச் சூரைமீன் கப்பல்கள் செலுத்தும் அனுமதிக் கட்டணத்திலிருந்து வருகிறது. இவ்வளவு பெரிய கடலைச் சில ரோந்துப் படகுகளால் காவல் காக்க முடியாது என்பது எளிதில் விளங்கும்.

அந்த நாடு பீனிக்ஸ் தீவுகளைச் சுற்றியுள்ள ஏறத்தாழ 4,08,000 சதுர கிலோமீட்டர் கடலைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது; யுனெஸ்கோ 2010-இல் அதை உலகப் பாரம்பரியக் களங்களில் சேர்த்துக்கொண்டது. 2015 ஜனவரி 1 முதல் அங்கே வணிக மீன்பிடிப்பு முற்றிலும் தடை செய்யப்பட்டது. வரைபடத்தில் பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் எல்லையை இயக்கிவிட்டு, 2014-இன் கடைசி மாதங்களையும் 2015-இன் முதல் மாதங்களையும் அடுத்தடுத்து ஓடவிட்டால், கப்பல்களின் ஒளிப்புள்ளிகள் நிரம்பியிருந்த கடல் ஒரே நாளில் காலியாகி, அவை எல்லைக்கோட்டுக்கு வெளியே போய்ச் சேர்வது கண்முன்னே தெரிகிறது. கடற்சட்டம் ஒன்று நடைமுறைக்கு வருவதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொன்றை நான் வகுப்பறைக்குக் கொண்டுபோனதில்லை. தடை வந்த அதே 2015-இல் எல்லைக்குள் மீன்பிடித்த ஒரு சுருக்குமடிக் கப்பலின் மீது கிரிபாட்டி அரசு நடவடிக்கை எடுத்தது. கப்பல் தரப்பு 10 லட்சம் டாலர் அபராதமும், அதற்கு மேல் 10 லட்சம் டாலர் நன்கொடையும் செலுத்த நேர்ந்தது.

இதற்குள் இன்னொரு கதையும் இருக்கிறது. அதைத் தேடிப் பார்க்கும் பொறுமை உள்ளவர்களுக்கே இந்தச் சேவை முழுமையாகப் பயன்படும். தடை வரப்போகிறது என்ற பேச்சு 2013-இல் வெளியானதிலிருந்து தடை அமலாகும் வரை, அதே பீனிக்ஸ் கடலில் மீன்பிடிப்பு குறையவில்லை, கூடியது. 2019-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியான ஆய்வு, இதே வரைபடத்தின் தரவுகளைக் கொண்டு, அந்த இடைக்காலத்தில் மீன்பிடி முயற்சி 130 விழுக்காடு அதிகரித்ததாகக் காட்டியது. கதவு மூடுவதற்குள் அள்ளிக்கொண்டு போகலாம் என்று கப்பல்கள் குவிந்திருக்கின்றன. பாதுகாப்புப் பகுதி அறிவிக்கப்படும் எந்தக் கடலிலும், அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையிலான காலம் எவ்வளவு ஆபத்தானது என்பதை இந்த ஒரு கண்டுபிடிப்பு உணர்த்திவிட்டது. பிறகு 2021-இல் கிரிபாட்டி அரசு அந்தக் கடலை மீண்டும் வணிக மீன்பிடிப்புக்குத் திறந்துவிடுவதாக அறிவித்தது. வருவாய்க்கு வேறு வழியில்லாத சிறு நாடு எடுத்த முடிவைச் சென்னையிலிருந்து பழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்த வருவாய் வரும் வழியைப் புரிந்துகொள்ளாமல் வரைபடத்தை வாசிக்கவும் முடியாது. மைக்ரோனேசியக் கூட்டாட்சி, கிரிபாட்டி, மார்ஷல் தீவுகள், நவுரு, பலாவு, பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள், துவாலு ஆகிய எட்டு நாடுகள் 1982-இல் செய்துகொண்ட நவுரு ஒப்பந்தத்தின் உறுப்பினர்கள். சுருக்குமடிக் கப்பல்களுக்கு 2007 முதல் இவை கப்பல் நாள் முறையைக் கடைப்பிடிக்கின்றன. பிடிக்கும் டன் அளவுக்கு விலை வைக்காமல், ஒரு கப்பல் தங்கள் கடலில் மீன்பிடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் விலை வைத்து, மொத்த நாட்களுக்கு ஓர் உச்சவரம்பும் வைத்து, அந்த நாட்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு நாளின் குறைந்தபட்ச விலை 2015-இல் 8,000 டாலராக இருந்தது. எல் நினோ ஆண்டுகளில் மேற்குப் பசிபிக்கின் வெதுவெதுப்பான நீர் கிழக்கே நகரும்போது வரிச்சூரைக் கூட்டங்களும் கூடவே கிழக்கே போகின்றன, கப்பல்களும் பின்தொடர்கின்றன. 2015–16 எல் நினோ காலத்தையும் அதற்கடுத்த ஆண்டுகளையும் வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சுருக்குமடிக் கப்பல்கள் கிரிபாட்டிக் கடலில் கூடியிருந்தது விளங்கும். ஒரு நாட்டின் கடலில் மீன் குறையும் ஆண்டில் இன்னொரு நாட்டின் கடலில் பெருகுவதால், உறுப்பு நாடுகள் தங்களுக்குள் நாட்களை விற்று வாங்கிக்கொள்ளவும் இந்த முறையில் இடமிருக்கிறது. தமிழ்நாட்டில் சுருக்குமடி என்றாலே தடை, வழக்கு, போராட்டம் என்றுதான் நினைவுக்கு வரும். அதே மடியை நாள்கணக்கில் கட்டுப்படுத்தி நாட்டின் வருவாயாக மாற்றிய ஏற்பாட்டை நம் மாணவர்கள் அறிந்துகொள்வது அவசியம் என்று நினைக்கிறேன்.

ஆண்டுகளை ஒப்பிடும்போது ஓர் எச்சரிக்கை தேவை. வரைபடத்தின் தரவு 2012-இலிருந்து கிடைக்கிறது. அதன் பிறகு ஏ.ஐ.எஸ். பொருத்திய கப்பல்களின் எண்ணிக்கையும், ஒலிபரப்பைப் பிடிக்கும் செயற்கைக்கோள்களின் எண்ணிக்கையும் கூடியிருக்கின்றன. ஆகவே 2012-ஐவிட 2020-இல் ஒரு கடல் அதிக வெளிச்சமாகத் தெரிந்தால், மீன்பிடிப்பு கூடியது என்று உடனே எழுதிவிடக் கூடாது. என் மாணவர்களின் கட்டுரைகளில் நான் அதிகமாகத் திருத்தியிருப்பது இதைத்தான்.

இனி இந்தச் சேவையில் இல்லாதவை. பசிபிக்கில் சூரைமீன் வளத்தை உண்மையில் அளப்பவர்கள் நியூ கலிடோனியாவின் நூமியா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பசிபிக் சமூகம் என்னும் அமைப்பின் விஞ்ஞானிகள். 1947 பிப்ரவரியில் அந்த அமைப்பு பிறந்த அதே மாதத்தில்தான் நம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் தொடங்கப்பட்டு, மண்டபத்தில் வேரூன்றியது. பசிபிக் சமூகத்தினர் 1970-களின் பிற்பகுதியிலிருந்தே சூரைமீன்களின் முதுகில் எண் பொறித்த சிறு குழல்களைச் செருகிக் கடலில் விட்டு வருகிறார்கள். 2006-இல் தொடங்கிய திட்டத்தில் மட்டும் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்கள் இப்படி அடையாளமிடப்பட்டிருக்கின்றன. அந்த மீன் மறுபடி பிடிபடும்போது குழலைத் திருப்பித் தருபவருக்குச் சன்மானம் உண்டு. எங்கே விட்ட மீன் எங்கே, எத்தனை நாள் கழித்து, எவ்வளவு வளர்ந்து பிடிபட்டது என்பதிலிருந்துதான் இடம்பெயர்வும், வளர்ச்சியும், இறப்பு விகிதமும் கணக்கிடப்படுகின்றன. இதோடு 2010 முதல் வெப்பமண்டலப் பகுதியின் சுருக்குமடிக் கப்பல்கள் அனைத்திலும் ஒரு பார்வையாளர் பயணம் செய்ய வேண்டும் என்பது விதி. அவர்கள்தான் மடியில் ஏறிய மீனின் இனத்தையும் நீளத்தையும் அளந்து எழுதுகிறார்கள். கடலில் திருப்பிக் கொட்டப்பட்டதையும், மடியில் சிக்கிய சுறாவையும் பதிவு செய்கிறார்கள். கொரோனா காலத்தில் 2020-இல் அந்த விதி தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டபோது கப்பல்களின் தடங்கள் வரைபடத்தில் வழக்கம்போலத் தெரிந்துகொண்டுதான் இருந்தன; மடியில் ஏறியதைச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று. மாதக்கணக்கில் அந்நியக் கப்பலில் தனியாளாக இருந்து, கப்பல் தலைவருக்குப் பிடிக்காததையும் எழுதி வைக்கும் இந்தத் தீவு இளைஞர்களின் உழைப்பைச் செயற்கைக்கோள் எதுவும் ஈடு செய்துவிடாது. சிலர் அந்தப் பணியில் உயிரையே இழந்திருக்கிறார்கள்.

இரண்டும் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஹவாயை எடுத்துக்கொள்ளலாம். அதன் வடமேற்கே உள்ள பாப்பஹானவுமொகுவாக்கேயா கடல் காப்பகம் 2016-இல் சுமார் 15 லட்சம் சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. அங்கே மீன்பிடிப்பு நின்றுவிட்டதை வரைபடம் காட்டும். அதனால் மீன் பெருகியதா என்ற கேள்விக்கு விடை தந்தது பார்வையாளர்களின் பதிவு. காப்பகத்தின் எல்லையை ஒட்டிய கடலில் ஆயிரங்கால் தூண்டில்களில் மஞ்சள் துடுப்புச் சூரை ஏறும் விகிதம் 54 விழுக்காடு கூடியது என்று 2022-இல் சயின்ஸ் இதழில் வெளியான ஆய்வு தெரிவித்தது. நெடுந்தூரம் ஓடும் சூரைக்குக் கடல் காப்பகத்தால் பயனில்லை என்ற பழைய வாதம் அதனால் வலுவிழந்தது.

இதைவிடப் பெரிய இடைவெளி கரையோரத்தில் இருக்கிறது. தீவு மக்கள் அன்றாடம் உண்ணும் மீன், ஏரி போன்ற உட்கடலிலும் பவளப்பாறைத் திட்டுகளிலும் சிறு படகுகளிலும், நடந்து சென்றும், மூழ்கி ஈட்டியெறிந்தும் பிடிக்கப்படுவது. நண்டும் சிப்பியும் பொறுக்குவதில் பெண்களின் பங்கு பெரிது. அவற்றில் எதுவும் ஏ.ஐ.எஸ். ஒலிபரப்புவதில்லை, ஆகவே வரைபடத்தில் பவளத்தீவுகளின் உட்கடல்கள் வெறுமையாகத் தெரிகின்றன. அந்த வெறுமையைப் பார்த்து அங்கே மீன்பிடிப்பே இல்லை என்று ஒரு மாணவி எழுதினார். உண்மையில் தீவுகளின் உணவுப் பாதுகாப்பு முழுவதும் அந்த வெறுமைக்குள் அடங்கியிருக்கிறது. இந்த மீன்பாட்டைப் பதிவு செய்ய, பசிபிக் சமூகம் டெயில்ஸ் என்ற கைப்பேசிச் செயலியை உருவாக்கித் தந்திருக்கிறது. இணைய இணைப்பு இல்லாத தீவிலும் விவரங்களைப் பதிந்து வைத்துக்கொண்டு, இணைப்பு கிடைக்கும்போது அனுப்பலாம். பசிபிக் மீன்வளத்தைப் பற்றி ஆராய விரும்பும் எவரும் பெருங்கப்பல் வரைபடத்தை மூடிவிட்டு, இந்தக் கரையோரப் பதிவுகள் பக்கம் சற்று நேரம் செலவிட வேண்டும்.

சென்னையிலும் நிலைமை இதுதான். காசிமேட்டு விசைப்படகு உரிமையாளர் ஒருவருக்கு இந்த வரைபடத்தைக் காட்டியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “தம்பி, நம்ம போட்டெல்லாம் இதுல எங்க?” என்பது. நம் பைபர் படகுகளில் ஏ.ஐ.எஸ். கிடையாது, விசைப்படகுகளிலும் எல்லாவற்றிலும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கரையில் எப்படிக் கடைப்பிடிக்கப்படுகிறது என்பதை பீனிக்ஸ் தீவுகளில் பார்த்ததுபோல இங்கே பார்த்துவிட முடியாது. உலகின் தொழில்முறை மீன்பிடிக் கப்பல்களில் 72 முதல் 76 விழுக்காடு வரை பொதுவெளியில் தடம் தெரியாமல் இயங்குகின்றன என்று 2024 ஜனவரியில் நேச்சர் இதழில் குளோபல் ஃபிஷிங் வாட்ச் ஆய்வாளர்களே எழுதினார்கள். அவற்றில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவையும் தெற்காசியாவையும் சுற்றியுள்ள கடல்களில் இருக்கிறது. சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படங்களில் தெரியும் கப்பல்களை ஏ.ஐ.எஸ். பதிவுகளோடு பொருத்திப் பார்த்து அவர்கள் அந்த முடிவுக்கு வந்தார்கள். அந்த ரேடார் அடுக்கையும் வரைபடத்தில் இயக்கலாம். கரையோரக் கடல்களுக்கு அது மிக உதவியானது. ஆனால் நடுப்பசிபிக்கின் பெரும்பகுதியை அந்தச் செயற்கைக்கோள் படமெடுப்பதில்லை என்பதால், கிரிபாட்டியைப் பார்ப்பவர் அதை நம்பியிருக்க முடியாது.

படகுக்காரர்களின் தயக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். மீன் கிடைக்கும் இடம் அவர்களின் தொழில் ரகசியம். அதை உலகுக்கே விளக்குப் போட்டுக் காட்டுவதை அவர்கள் ஏற்பதில்லை என்றால் அதில் நியாயம் இருக்கிறது. பசிபிக்கில் இதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. சாலமன் தீவுகளின் ஹோனியாராவில் இயங்கும் பசிபிக் தீவுகள் மன்ற மீன்வள முகமை, கப்பல்களில் பொருத்திய தனிக் கண்காணிப்புக் கருவிகளின் தகவலை உறுப்பு நாட்டு அரசுகளுக்கு மட்டும் தருகிறது. பொதுமக்கள் பார்க்க முடியாது. நம் நாட்டில் 2024-இல் தொடங்கப்பட்ட திட்டத்தின்கீழ் 364 கோடி ரூபாய் செலவில் ஒரு லட்சம் படகுகளுக்கு இலவசமாகப் பொருத்தப்படும் இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர்களும் (செயற்கைக்கோள் வழியே தகவல் பரிமாறும் கருவிகள்) அத்தகைய ஏற்பாடுதான். புயல் எச்சரிக்கையும் ஆபத்துக்கால அழைப்பும் அதன் முதன்மைப் பயன்கள். அந்தத் தகவலிலிருந்து படகின் பெயரையும் துல்லியமான இடத்தையும் நீக்கி, பெரிய கட்டங்களாகத் தொகுத்து ஆய்வாளர்களுக்குத் தந்தால் வங்கக்கடலைப் பற்றிய நம் அறிவு பல மடங்கு கூடும் என்பது என் உறுதியான கருத்து.

பயன்பாட்டைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகம் இல்லை. பதிவு செய்யாமலே வரைபடத்தைப் பார்க்கலாம். தரவிறக்கத்துக்கு இலவசக் கணக்கு வேண்டும். கைப்பேசித் திரையில் சிரமம், கணினிதான் ஏற்றது. தமிழில் இல்லை என்பது நம் மாணவர்களுக்குப் பெரிய தடை. தரவுகள் சில நாட்கள் பிந்தியே வரும் என்பதால், இப்போது நடக்கும் அத்துமீறலைப் பிடிக்க இது உதவாது. இரண்டு கப்பல்கள் நடுக்கடலில் 500 மீட்டருக்குள் நெருங்கி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்பதைத் தனியாக எடுத்துக் காட்டும் அடுக்கு மிக நல்லது. மீனைக் கடலிலேயே கைமாற்றுவதை அறிய அது ஒரு தடயம். தடயம் என்ற அளவில்தான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். எரிபொருள் வாங்கவும் கப்பல்கள் அப்படி நிற்பதுண்டு. ஏ.ஐ.எஸ். திடீரென்று நின்றுபோன இடங்களைக் காட்டும் அடுக்குக்கும் இது பொருந்தும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பீனிக்ஸ் தீவுகளில் 2014 நவம்பர் முதல் 2015 பிப்ரவரி வரையிலான காலத்தை முதலில் பாருங்கள். பிறகு பலாவுக்குப் போய், 2020 ஜனவரி 1 அன்று அந்த நாடு தன் பொருளாதாரக் கடல் மண்டலத்தில் 80 விழுக்காட்டை மூடியதற்கு முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளை ஒப்பிடுங்கள். அதன் பிறகு கடல் மண்டலத்தின் மீது சொடுக்கினால் வரும் அறிக்கையில், எந்தக் கொடி, எந்த வலை, எத்தனை மணி நேரம் என்ற பிரிப்பைத் தரவிறக்கிக்கொண்டு, பசிபிக் சமூகம் வெளியிடும் மீன்பாட்டுப் புள்ளிவிவரத்தோடு ஆண்டுவாரியாக வைத்துப் பாருங்கள். மணி நேரம் குறைந்தும் மீன்பாடு குறையாத ஆண்டு எதிர்ப்பட்டால், ஆராய்ச்சியை அங்கிருந்து தொடங்கலாம்.